எலக்ட்ரிக் பைக் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

போன மாதம் வீட்டில் கார் சார்ஜர் பொருத்துவதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி காரைப் பற்றியதே இல்லை. "எலக்ட்ரிக் பைக் எப்படி? லண்டனுக்குள்ள ஓட்டத் தோதா இருக்குமா?" என்பதுதான். கேட்டவர்கள் இரண்டு வகை. ட்யூபில் நசுங்கி அலுத்துப்போய்த் தங்களுக்காகக் கேட்பவர்கள் ஒரு வகை. வீட்டில் 16 வயதுப் பிள்ளை தினமும் நச்சரிப்பதால் கேட்பவர்கள் இன்னொரு வகை. அதில் ஓர் அம்மா எழுதியிருந்தார்: "வேண்டாம்னு சொல்ல உருப்படியா ஒரு காரணம் குடுங்க, மீதியை நான் பாத்துக்கிறேன்."

இரண்டு பேருக்கும் சேர்த்து இந்த மாதம். முதலில் தங்களுக்காகக் கேட்பவர்கள்.

நான் 3 வருடமாக வெம்ப்ளியிலிருந்து ஹேமர்ஸ்மித்துக்கு எலக்ட்ரிக் பைக்கில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போக 7 மைல், வர 7 மைல், வாரத்தில் 4 நாள். பெட்ரோலில் 125 சிசி என்கிறோமே, அந்த வகுப்புக்குச் சமமான வண்டி. அதற்கு முன் 4 வருடம் பெட்ரோல் 125 ஓட்டினேன். அதே ரோடு, அதே மழை, அதே ஹேங்கர் லேன் ரவுண்டானா. அதனால் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

நகரத்துக்குள் ஓட்ட இது பொருத்தமான வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெட்ரோல் என்ஜின் நின்று நின்று போகும்போதுதான் அதிகம் குடிக்கும். சிக்னலில் சும்மா நிற்கும்போதும் எரியும். எலக்ட்ரிக் மோட்டார் நிற்கும்போது எதையும் செலவழிப்பதில்லை. இன்னொன்று காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். லண்டனில் பாதித் தெருக்கள் இப்போது 20 மைல் வேகத் தெருக்கள்; அந்த வேகத்தில் பேட்டரி நின்று விளையாடும். அதே பைக்கை ஏ40 நெடுஞ்சாலையில் 55 மைலில் விரட்டிப் பாருங்கள், சார்ஜ் முள் கண்ணெதிரே இறங்கும். கம்பெனிக்காரர்கள் விளம்பரத்தில் போடும் தூரம் மெதுவாகப் போனால் கிடைக்கும் தூரம். என் வண்டி கோடையில் ஊருக்குள் 45 மைல் போகும். ஜனவரியில் 35 வந்தால் சந்தோஷப்படுவேன்.

கிளட்ச் இல்லை, கியர் இல்லை. வாகனங்களுக்கு இடையே ஊர்ந்து போகும்போது இடது கை வலிப்பதில்லை. அதிர்வு கிடையாது, சூடு கிடையாது, ஆபீஸ் சட்டையில் பெட்ரோல் வாடை கிடையாது. காலை 6 மணிக்கு ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழிக்காது. ஆயில், ஸ்பார்க் பிளக், ஃபில்டர் எதுவும் மாற்ற வேண்டாம். டயரும் பிரேக் பேடும் மட்டும் வழக்கம்போலத் தேயும். 3 வருடம் ஆனதும் எம்.ஓ.டி. எடுக்க வேண்டும், அதில் சலுகை இல்லை.

இதைக் கேட்டதும் எல்லோரும் அடுத்துக் கேட்பது பணம். இங்கேதான் ஏமாற்றம். மாசுக் கட்டணம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் யூலெஸ் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் யூரோ 3 தரத்துக்கு மேலுள்ள பெட்ரோல் பைக்குக்கு அது ஏற்கனவே கிடையாது. மத்திய லண்டன் நெரிசல் கட்டணம் எந்த மோட்டார்சைக்கிளுக்குமே கிடையாது. சாலை வரி முன்பு இலவசமாக இருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து மிகச் சிறிய பெட்ரோல் பைக்குக்கு என்ன வரியோ அதே வரி.

எரிபொருளைப் பார்ப்போம். என் கணக்கில் வருடத்துக்கு சுமார் 2,600 மைல். பெட்ரோல் 125 ஒரு கேலனுக்கு 100 மைல் கொடுக்கும், லிட்டர் 1.35 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 160 பவுண்ட். எலக்ட்ரிக்கில் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 12 மைல். யூனிட் 25 பென்ஸ் என்றால் 55 பவுண்ட். மிச்சம் நூறு பவுண்ட் சொச்சம். அதே தரத்துப் பெட்ரோல் வண்டியைவிட எலக்ட்ரிக் ஆயிரம் பவுண்டுக்கு மேல் அதிக விலை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். காரையோ ட்யூபையோ விட்டுவிட்டு இதற்கு வந்தால் நிறைய மிச்சம். பெட்ரோல் பைக்கை விட்டுவிட்டு வந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. பணத்துக்காக மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டுவதில்லை.

அந்த 25 பென்ஸும் வீட்டில் சார்ஜ் செய்தால்தான். வெளியே சார்ஜ் செய்தால் அது இரண்டு மடங்குக்கு மேல். வீட்டு மின்சாரத்துக்கு வாட் வரி 5 சதவீதம், பொதுச் சார்ஜருக்கு 20. போதாததற்கு, 125 வகுப்பு பைக்குகளில் பெரும்பாலானவற்றைத் தெருவோரத்துக் கார் சார்ஜரில் செருகவே முடியாது. சாதாரண மூன்று முள் பிளக்தான் வேண்டும்.

அதனால்தான் பைக்கைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள் என்கிறேன். முன்னால் ட்ரைவ்வே, அல்லது கராஜ், அல்லது பக்கச் சந்தில் கேட் போட்ட இடம், அங்கே ஒரு சாக்கெட். இது இருந்தால் எலக்ட்ரிக் பைக் சுகமோ சுகம். வந்து நிறுத்துகிறீர்கள், செருகுகிறீர்கள், மறந்துவிடுகிறீர்கள். பி.எம்.டபிள்யூ. சி.இ. 04 போன்ற பெரிய வண்டிக்கு இது இல்லாமல் முடியவே முடியாது. அதன் எடை 231 கிலோ, பேட்டரி 8.9 யூனிட், ஒரு சார்ஜுக்கு 130 கிலோமீட்டர். ஆனால் பேட்டரியைக் கழற்ற முடியாது.

மூன்றாவது மாடி ஃப்ளாட் என்றால் கதை வேறு. கழற்றும் பேட்டரி உள்ள வண்டி வாங்கலாம். கவென்ட்ரியில் செய்யும் மேவிங் அந்த வகை, இன்னும் சிலவும் உண்டு. கழற்றுவது சுலபம்தான். தூக்குவதுதான் விஷயம். என் வண்டியின் பேட்டரி 20 கிலோவுக்கு மேல். ஈலிங் ரோட்டில் ஒரு 20 கிலோ அரிசி மூட்டை வாங்கி, ஹெல்மெட்டும் கையுறையும் மழைக்கோட்டும் போட்டுக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு தடவை மூன்று மாடி ஏறிப் பார்க்கிறீர்களா? லிஃப்ட் இருந்தால் பரவாயில்லை என்பீர்கள். லீஸைப் படியுங்கள். லித்தியம் பேட்டரியை ஃப்ளாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று இப்போது பல கட்டட நிர்வாகங்கள் கடிதம் அனுப்புகின்றன.

ஊரில் இப்படி இல்லையே என்று கேட்பீர்கள். போன தடவை சென்னை போனபோது மச்சான் வீட்டில், எதிர் வீட்டில், கீழ் வீட்டில் என்று எங்கே பார்த்தாலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர். ஏத்தரும் டி.வி.எஸ். ஐக்யூபும் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில். அதாவது மூன்றும் ஒரே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகின்றன. வீட்டு போர்டிகோவில் சாக்கெட், மிதமான வேகம், பனி கிடையாது, பக்கத்திலேயே சர்வீஸ் சென்டர். அங்கே அது நடப்பதற்குக் காரணங்கள் அவை. தைவானில் இன்னொரு விதம்: 2015 முதல் கோகோரோ தெருவுக்குத் தெரு பேட்டரி மாற்றும் பெட்டிகளை வைத்திருக்கிறது, தீர்ந்ததைப் போட்டு நிறைந்ததை எடுத்துக்கொண்டு போகிறார்கள். லண்டனில் நமக்கு அந்த வசதி இல்லை. மச்சான் சொன்னார் என்று இங்கே வாங்கினால் மச்சான் வந்து பேட்டரி தூக்க மாட்டார்.

இடையில் ஒரு விஷயம். சார்ஜ் தீர்ந்து நடுரோட்டில் நின்றுவிடுவோமோ என்ற பயத்தை நம்மவர்கள் கொஞ்சம் அதிகமாகவே படுகிறார்கள். என் அலுவலக நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அப்பா போர்க்காலத்தில் பெட்ரோல் தடை இருந்தபோது எம்.டி.90 மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். "நாளைக்குக் கறண்ட் இருக்கும் எண்டு உனக்குத் தெரியும்தானே, பிறகென்ன பயம்?" என்று அவர் மகனைக் கேட்டிருக்கிறார். தினமும் 14 மைல் போகிறவன் 45 மைல் பேட்டரியை வைத்துக்கொண்டு பயப்பட ஒன்றுமில்லைதான்.

பயப்பட வேண்டியது வேறொன்று. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில், புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டரை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். அது தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு இந்திய அரசு பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதியை, ஏ.ஐ.எஸ். 156 என்று அதற்குப் பெயர், இறுக்கியது. இங்கே லண்டன் தீயணைப்புப் படை 2023இல் சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு எலக்ட்ரிக் சைக்கிள் அல்லது ஸ்கூட்டர் தீயை அணைக்கப் போனது. ட்யூபில் எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு 2021 டிசம்பரிலிருந்தும், மடக்க முடியாத எலக்ட்ரிக் சைக்கிளுக்கு 2025 மார்ச் கடைசியிலிருந்தும் தடை.

இதைப் படித்து மொத்தமாக மிரள வேண்டாம். தீயணைப்புப் படை திரும்பத் திரும்ப எச்சரிப்பது சாதாரண சைக்கிளை எலக்ட்ரிக்காக மாற்றும் கிட், ஆன்லைனில் வாங்கிய மலிவு பேட்டரி, பொருந்தாத சார்ஜர் ஆகியவற்றைப் பற்றித்தான். நம்பர் பிளேட்டோடு வரும் மோட்டார்சைக்கிள் பல சோதனைகளைத் தாண்டி வந்தது. ஆனாலும் லித்தியம் லித்தியம்தான். ஒரு செல் கெட்டுச் சூடானால் அது அடுத்த செல்லைச் சூடாக்கும், அது அதற்கடுத்ததை. தண்ணீர் ஊற்றி அணைத்தாலும் மறுபடி பற்றும். வருகிற புகை விஷம்.

ஆகவே எங்கள் வீட்டில் சட்டம் இது. பேட்டரி வாசல் பக்கமோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒருநாளும் இருக்காது. தீப்பிடித்தால் பிள்ளைகள் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான். நம் டெரஸ் வீடுகளில் செருப்பு, குடை, பள்ளிப் பை, ப்ராம் எல்லாம் குவிகிற இடமும் அதுதான். பேட்டரியையும் அங்கேயே வைக்கத் தோன்றும். கராஜில் சார்ஜ், நாங்கள் விழித்திருக்கும்போது மட்டும், வண்டியோடு வந்த சார்ஜரில் மட்டும், கராஜுக்குள் ஒரு அலாரம். மலிவான இரவுநேர மின்சாரம் இதனால் எனக்குக் கிடைப்பதில்லை. வருடத்துக்கு 35 பவுண்ட் போனால் போகட்டும்.

குளிரில் இன்னொரு நுணுக்கம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம் வரும். ஓட்டலாம், சார்ஜ் செய்யத்தான் கூடாது. நல்ல வண்டியில் பேட்டரிக்குள் இருக்கும் சிறு கம்ப்யூட்டரே சார்ஜை ஏற்க மறுத்துவிடும். "செருகினேன், காலையில பாத்தா ஏறவே இல்ல" என்று புகார் சொல்பவர்கள் பலருக்குக் காரணம் இதுதான். கோடை விடுமுறைக்கு 6 வாரம் ஊருக்குப் போகிறவர்கள் முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள். பாதியளவு போதும். நிறைந்த பேட்டரி சும்மா இருந்தாலே சீக்கிரம் வயதாகும்.

சத்தமில்லாததை நன்மைப் பட்டியலில் சேர்த்தேன். அதுவே ஆபத்தும். எலக்ட்ரிக் காரில் மெதுவாகப் போகும்போது ஒரு செயற்கைச் சத்தம் வர வேண்டும் என்று விதி இருக்கிறது, மோட்டார்சைக்கிளுக்கு இல்லை. பள்ளி விடும் நேரத்தில் ஈலிங் ரோட்டில் போகும்போது, போனைப் பார்த்துக்கொண்டு ஒரு பிள்ளை அப்படியே ரோட்டில் இறங்கும். பெட்ரோல் பைக் என்றால் நிமிர்ந்து பார்த்திருக்கும். முதல் ஒரு மாதம் இது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. இப்போது நிற்கிற பஸ்ஸைத் தாண்டும்போதெல்லாம் விரல் பிரேக் மேலேதான். கூடவே, த்ராட்டிலைத் திருகிய மறுகணம் முழு இழுப்பு வந்துவிடும். ஈர ரோட்டில் வெள்ளைக் கோட்டின் மேல் நிற்கும்போது அது நல்லதில்லை. வண்டியில் மெதுவான மோட் இருக்கும். மழைநாளில் வெட்கப்படாமல் அதில் போடுங்கள்.

கம்பெனிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சாஃப்ட்வேர்காரன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. ஸ்வீடனின் கேக் 2024 பிப்ரவரியில் திவாலானது. இத்தாலியின் எனர்ஜிகா அதே வருடம் அக்டோபரில். இரண்டும் நல்ல பைக் செய்தவை. பெட்ரோல் பைக் கம்பெனி மூடினாலும் தெருமுனை மெக்கானிக் எதையாவது பொருத்தி ஓட்டிவிடுவார். எலக்ட்ரிக்கில் பேட்டரியும் கன்ட்ரோலரும் ஆப்பும் ஒன்றோடொன்று பூட்டிக்கிடக்கும். ஆப் இல்லாமல் வண்டி ஓடுமா, பேட்டரி தனியாக என்ன விலை, அது இங்கே கையிருப்பில் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பிள்ளைகளைப் பின்னால் ஏற்றலாமா என்றும் கேட்டிருந்தார்கள். சி.பி.டி. சர்ட்டிபிகேட் மட்டும் வைத்திருப்பவர் யாரையும் ஏற்றக் கூடாது. முழு லைசென்ஸ் இருந்தால் ஒருவரை ஏற்றலாம். குறைந்தபட்ச வயது என்று சட்டத்தில் இல்லை, ஆனால் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வேண்டும், கால் ஃபுட்ரெஸ்டை எட்ட வேண்டும். ஊர்ப் பழக்கத்தில் முன்னால் நிற்கவைப்பதோ, சேலையோடு ஒருக்களித்து உட்காருவதோ இங்கே ஆகாது. லைசென்ஸ் டெஸ்டை எலக்ட்ரிக்கில் கொடுத்தால் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் கிடைக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, 16 வயதுக்கு வருவோம்.

பிள்ளை எந்த வண்டியைக் கேட்கிறான் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். வீட்டில் "எலக்ட்ரிக் பைக்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு. பெடல் மிதித்தால் உதவுகிற, 250 வாட்டுக்குள், 15.5 மைல் வேகத்தோடு உதவியை நிறுத்திக்கொள்கிற வண்டி சைக்கிள். 14 வயதிலிருந்து ஓட்டலாம், லைசென்ஸும் இன்சூரன்ஸும் தேவையில்லை. 28 மைல் வேகத்துக்குள் போகும் எலக்ட்ரிக் மொபெட்டை 16 வயதில் ஓட்டலாம். ஆனால் ப்ரொவிஷனல் லைசென்ஸ், சி.பி.டி., நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், எல் போர்டு எல்லாம் வேண்டும். நான் ஓட்டுகிற 11 கிலோவாட்டுக்குள்ளான வகுப்புக்கு 17.

பெரும்பாலும் பையன்கள் கேட்பது இந்த மூன்றில் எதையுமே இல்லை. பார்க்க மெலிந்த மோட்டோகிராஸ் பைக் போல, பெடல் இல்லாமல், நம்பர் பிளேட் இல்லாமல், 40 மைலுக்கு மேல் பறக்கிற வண்டியைத்தான். சுர்ரான் என்ற பெயரையே எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தக் கம்பெனி ரோட்டுக்கான பதிப்பும் விற்கிறது. ஆனால் நம் பார்க்குகளிலும் நடைபாதைகளிலும் முகமூடி போட்டுப் பறப்பவை அநேகமாக அவை அல்ல. தனியார் நிலத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்று விற்பனைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். வெம்ப்ளியில் யாருக்கு இருக்கிறது தனியார் நிலம்?

அந்த அம்மா கேட்ட காரணம் இங்கேதான் இருக்கிறது. அதை ரோட்டில் எடுத்தால் இன்சூரன்ஸ் இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டிய குற்றம். போலீஸ் வண்டியைப் பிடுங்கிக்கொள்ளும். பிள்ளையின் பெயரில் குறைந்தது 6 புள்ளி விழும். நாளைக்குக் கார் ஓட்ட வரும்போது இன்சூரன்ஸ் விலையில் அது தெரியும். 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 143ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்ட அனுமதிப்பதும் குற்றம். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு "பார்த்து ஓட்டுப்பா" என்று சாவியைத் தரும் அப்பாவின் லைசென்ஸுக்கும் அந்தப் புள்ளிகள் வரலாம். இதைவிட உருப்படியான காரணம் என்னிடம் இல்லை.

ஆனால் "வேண்டாம்" என்பதோடு பேச்சை முடித்துவிட்டால் அவன் நண்பனுடைய வண்டியை ஓட்டப் போகிறான். நான் பார்த்தவரை சட்டப்படியான மொபெட் மோசமான யோசனை இல்லை. வீட்டிலிருந்து காலேஜுக்கு 20 மைல், 30 மைல் வேகத் தெருக்கள் வழியாகப் போக முடிந்தால் சரி. 28 மைலுக்கு மேல் போகாத வண்டியை நார்த் சர்க்குலரில் லாரிகளுக்கு முன்னால் விடுவதற்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வழியை வரைபடத்தில் அவனையே போடச் சொல்லிப் பாருங்கள். ஹெல்மெட்டுக்கு அரசாங்கத்தின் ஷார்ப் நட்சத்திரத் தரவரிசை இருக்கிறது, விலையைப் பார்க்காமல் அதைப் பாருங்கள். விலை குறைந்த ஹெல்மெட்டுக்கும் சில சமயம் நிறைய நட்சத்திரம் இருக்கும்.

வண்டி வாங்கும் முன் சி.பி.டி.க்கு அனுப்புங்கள். ஒரு நாள் பயிற்சி, வண்டியும் ஹெல்மெட்டும் பெரும்பாலும் அவர்களே தருவார்கள், மதியத்துக்கு மேல் 2 மணி நேரம் நிஜ ரோட்டில் ஓட்ட வேண்டும். அதைப் பரீட்சை என்று சொல்வதில்லை. ஆனால் பயிற்சியாளருக்குத் திருப்தி வராவிட்டால் சர்ட்டிபிகேட் கிடைக்காது, இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார். நீங்கள் சொன்னால் ஏறாதது அவர் சொன்னால் ஏறும். சர்ட்டிபிகேட் 2 வருடம் செல்லும். எந்த வண்டி, எங்கே சார்ஜ் செய்வது, யார் பணம் கொடுப்பது என்பதையெல்லாம் அதற்குள் ஆற அமரப் பேசிக்கொள்ளலாம்.